கூழை தாங்குவோனுக்கு என்ன விலை?

‘லைன்பேக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது? சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் என்னிடம் இவ்வாறு வினவினான். நான் உடனே விடை கூறவில்லை. சொல்லைப் பெயர்க்குமுன் பொருளை அறிதல் வேண்டும் என்பது பழைய முறை. ஆதலின் பொருளை ஆராயப் புகுந்தேன். ஆராய்ச்சி சொல்லோடு நில்லாமல் ஓர் இளைஞனுடைய வாழ்க்கைக்குள்ளும் புகுந்துவிட்டது.

அமெரிக்கர் ‘புட்போல்’ என்று கூறுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் நம் இளைஞர் மாலைதோறும் உதைக்கும் பந்து உருண்டையானது. அமெரிக்கரின் பந்து இரு முனையும் கூர்ந்தது. அதனைக் கையில் ஏந்தி ஓடுவர், கையால் எறிவர், காலுக்கு அங்கே வேலை சிறிது. றக்பி ஆட்டம் கண்டவர்க்கு அதன் சாயல் ஓரளவு விளங்கும். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை உடையவர் நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி உண்டு. தவறினால் பந்து எதிரிக்குப் போகும். ஆட்டம் முழுவதும் நிலங் கொள்ளுதலும் நிலங் காத்தலுமே என்க.

நிலங் காப்போருள் மூவரோ நால்வரோ எதிரியின் முகத்துக்கு நேரே குனிந்து நிற்பர். அவர் தூசிப்படை. அவருக்குப் பின்னே சில அடி விலகி நிமிர்ந்து நிற்பவரே லைன்பேக்கர். தூசிப்படை உடைந்து எதிரி பந்தோடு புகுந்தால், அவனை மார்பில் ஏற்று வீழ்த்துவது இவர் கடன். பந்து வான்வழியே எறியப்பட்டால், திரும்பி ஓடி அதனைத் தடுப்பதும் இவர் கடன். இரண்டில் எது வரும் என்பதைப் பந்து அசையும் அந்தக் கணத்திலேயே உணர்தல் வேண்டும். நடுவில் நிற்பவன் ஏனையோர்க்குக் கட்டளையும் கூறுவான். 2008ஆம் ஆண்டு முதல் தொழின்முறை ஆட்டங்களில், காப்போருள் ஒருவனுடைய தலைக்கவசத்துக்குள் சிறு வானொலிக் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். பயிற்றுநரின் குரல் அவன் செவிக்கு மட்டும் கேட்கும். அந்தக் கவசத்தின் பின்புறத்தில் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும். அப்பொட்டைப் பெரும்பாலும் லைன்பேக்கரே அணிகிறார்.

புறத்திணை கற்றவர்க்கு இவன் புதியவன் அல்லன். தும்பைத் திணையில் எருமை மறம் என்றொரு துறை உண்டு. தன் படை உடைந்தோட, ஒருவன் மட்டும் பின்னே நின்று, மேல் வரும் பகைப்படையைத் தனியே தாங்குதல் அது. புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அதற்கு அப்பெயர் தந்தார். தொல்காப்பியர் அதனைக் கூழை தாங்குதலோடு இயைத்துக் கூறினார். கூழை என்பது படையின் பின்னணி. ஆகவே மாணாக்கனுக்குக் ‘கூழை தாங்குவோன்’ என்று விடை சொன்னேன். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. கூழையென்றால் குட்டையன் என்பதை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தார்கள். அதுவும் அச்சொல்லுக்குப் பொருளே. அந்தப் பொருளும் இக்கட்டுரைக்குப் பின்னர்ப் பயன்படும்.

மாணாக்கன் சொல்லை வேண்டியது அகராதிக்காக அன்று. அவனுடைய பெரிய தந்தையார் நான் ஆசிரியப் பணி தொடங்கிய முதல் ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்; உடப்புக் கரையிலே பிறந்து கனடாவிற் குடியேறியவர். அவர் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த லைன்பேக்கர் இடத்தில் ஆடுகிறான். மூன்றாம் ஆண்டு முடிகிறது. பட்டம் பெற இன்னும் ஓராண்டு உண்டு. அதற்குமுன் தொழின்முறை அணிகளின் தெரிவுக்குப் பெயர் கொடுக்கப் போவதாக அவன் கூறுகிறானாம். “ஐயா, படிப்பை விடலாமா, கூடாதா? நீங்கள் ஒரு சொல் எழுதுங்கள், அதை நான் அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறேன்” என்று தகப்பனார் கேட்டிருந்தார். கம்பராமாயணத்தில் ஐயம் கேட்டால் ஒரு நொடியில் விடை எழுதிவிடலாம். இதற்கு அவ்வாறு எழுத முடியுமா? தெரிவு எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டியதாயிற்று.

அமெரிக்கத் தேசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பில் இப்பொழுது 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் அவை கூடிப் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிந்தெடுக்கும். ‘ட்ராஃப்ட்’ என்பது இதன் பெயர். ஏழு சுற்று, ஏறத்தாழ 257 இடங்கள். சென்ற ஆண்டு மிகவும் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. வென்று கிண்ணம் பெற்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. செல்வமுள்ள அணிகள் நல்ல வீரரையெல்லாம் வாரிக்கொண்டு போக, வறிய அணிகள் நலிந்து கிடந்த காலத்தில் இவ்வேற்பாடு தோன்றியது. பிலதெல்பியா அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் என்பவர் 1935ஆம் ஆண்டிலே இதனை முன்மொழிந்தார். 1936 பெப்ரவரியில் முதல் தெரிவு பிலதெல்பியாவிலே ஒரு விடுதியில் நடந்தது. முதல்வராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஜே பேர்வாங்கர். அவர் தொழின்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடவில்லை என்பது வேடிக்கை. கேட்ட ஊதியம் கிடைக்காமையால், இறப்பர் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இம்முறையில் நீதி உண்டு. ஆனால் அந்நீதி அணிகளுக்கே உரியது, ஆடுபவனுக்கு அன்று. அணி அவனைத் தெரியும். அவன் அணியைத் தெரிய இயலாது. எந்த நகரத்தில் வாழ்வது, எந்தப் பயிற்றுநரிடம் பணிவது என்பவற்றில் அவனுக்குச் சொல் இல்லை. 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின்னர், எத்தனையாம் இடத்தில் எடுக்கப்பட்டானோ அந்த இடமே அவன் முதல் நான்கு ஆண்டு ஊதியத்தை ஏறக்குறைய வரையறுத்துவிடுகிறது. நம் கரையோரத்தார்க்கு இது விளங்காத செய்தி அன்று. கரைவலைச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவன் அந்தப் பருவம் முழுவதும் அவருடைய கயிற்றையே இழுத்தல் வேண்டும். பக்கத்துப் பாட்டில் மீன் கொழித்தாலும் அங்கே போக இயலாது. ஒரு வேற்றுமை உண்டு. முற்பணத்தை எவரிடம் வாங்குவது என்பதையாவது நம்மவன் தானே முடிவு செய்கிறான்.

தெரிவுக்குமுன் அளவை நடக்கும். இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் ஆண்டுதோறும் முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞரை வரவழைத்து அளக்கிறார்கள். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளவுக்கு உட்படும். 40 யார் தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான்? 225 இறாத்தல் எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறான்? நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் துள்ளுகிறான்? நொடியின் நூறிலொரு பங்கு ஒருவனைச் சுற்று மாற்றி வைக்கலாம். அறிவை அளக்கவும் பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது வினாக் கொண்ட ஒரு தேர்வு நெடுங்காலம் இருந்தது. 2022இல் அளவைக் கூடத்தில் அதனைக் கைவிட்டார்கள். பரீட்சை வைத்துப் பழகிய எனக்கு அச்செய்தி வியப்பளிக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மாணவனுடைய அறிவை அளந்த ஆசிரியரை நான் இன்னும் கண்டதில்லை.

வள்ளுவர் ஆள் தெரிதலுக்கு இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார்: தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கு வகையாற் சோதித்துத் தெளிக என்கிறார். வட நூலார் கூறிய உபதைகளைப் பரிமேலழகர் அங்கே எடுத்துக்காட்டுவார். இருபது குறளிலும் ஆளின் உயரத்தை அளக்கச் சொன்ன குறள் இல்லை. அமைச்சனைத் தேர்வதும் பந்தாட்டக்காரனைத் தேர்வதும் ஒன்றா என்று சிலர் வினவலாம். ஒன்றல்ல. உடல் வலி இல்லாதவன் அந்தக் களத்தில் ஒரு நாழிகையும் நிற்க மாட்டான். ஆயினும், கூழை தாங்குவோனிடத்தில் தேட வேண்டிய முதற்பண்பு எது? எதிரியின் தோள் சாய்வதைக் கண்டு பந்து போகும் வழியை முன்னரே அறிதல். அதற்கு அளவுகோல் எங்கே இருக்கிறது?

இதற்கும் நம் கரையே எனக்கு உவமை தருகிறது. உடப்பிலே கரைவலை இழுப்பதைக் கண்டவர் அறிவர். அம்பாப் பாட்டுக்கு இசைய இருபதுபேர் முப்பதுபேர் கயிறு பற்றிப் பின்னோக்கி நடப்பர். அவர் தோள் வலியை எவரும் காணலாம். ஆனால், கரையில் ஒரு முதியவர் கண்ணைச் சுருக்கி நீரின் நிறத்தைப் பார்த்து நிற்பார். மீன் கூட்டம் எங்கே திரும்புகிறது, வலையை எப்பொழுது வளைப்பது, எந்தக் கயிறு விரைதல் வேண்டும் என்பதை அவரே கூறுவார். அவரை 40 யார் ஓடச் சொன்னால் நம் சிறுவர் கைகொட்டிச் சிரிப்பர். அவர் இல்லாத வலை வெறும் வலையாகவே கரைக்கு வரும்.

அளவுகோல் தவறியதற்குச் சான்று பல. பந்தெறியும் இடத்தில் ஆடிய டொம் பிரேடி 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு முறை வாகை சூடினார். அவர் கதையை எல்லாரும் சொல்வர். கூழை தாங்குவோரிலேயே சான்று தருகிறேன். சக் தோமஸ் என்பவர் ஆறடிக்குக் குறைந்தவர். 1996இல் ஐந்தாஞ் சுற்றில் 154ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். 2023இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். லண்டன் பிளெச்சர் என்பவரை 1998ஆம் ஆண்டுத் தெரிவில் ஓர் அணியும் எடுக்கவில்லை. தெரிவுக்குப் பின்னர் தனியே ஓர் அணியிற் சேர்ந்த அவர் பதினாறு பருவங்களில் 256 ஆட்டங்கள் ஆடினார். ஓர் ஆட்டமும் விடவில்லை.

இவற்றையெல்லாம் திரட்டி அனுப்பினால் கனடாவிலுள்ள தகப்பனார் மகிழ்வார். மகன் இன்னும் மகிழ்வான். ஆனால் அது நேர்மையான விடை ஆகாது. பிளெச்சரைப் போன்றோர் அரியர். அரியர் ஆதலாலேதான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் தானே வெளியிடும் கணக்கின்படி, அங்கே இவ்வாட்டம் ஆடி முடிப்போரில் தொழின்முறைக்குப் போகிறவர் நூற்றுக்கு இருவரிலும் குறைவு. போனவருடைய ஆட்ட வாழ்வும் சராசரியாக நான்கு ஆண்டை எட்டுவதில்லை என்று வீரர் சங்கம் கூறிவருகிறது. பட்டம் பெறுமுன் பெயர் கொடுக்க எண்ணுவோர்க்குக் கூட்டமைப்பிலேயே ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அது மூன்று விடையில் ஒன்றைத் தரும்: முதற் சுற்றில் எடுக்கப்படலாம்; இரண்டாஞ் சுற்றில் எடுக்கப்படலாம்; படிப்புக்குத் திரும்புக. இந்த இளைஞனுக்கு வந்தது மூன்றாவது விடை.

அப்படியாயின் ஐயம் எங்கே என்று கேட்பீர்கள். இளைஞன் ஒரு நியாயம் கூறுகிறான். அந்நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. “இன்னும் ஓராண்டு பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் என் முழங்கால் போகலாம். போனால் ஆறாஞ் சுற்றும் இல்லை, ஏழாஞ் சுற்றும் இல்லை” என்கிறான். ஜேலன் ஸ்மித் என்பவருக்கு நேர்ந்ததை அவன் அறிவான். நோட்ரடேம் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய அவர், 2015ஆம் பருவத்தில் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்குரிய பரிசு பெற்றவர். தெரிவில் முதல் சிலருள் ஒருவராக எடுக்கப்படுவார் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். 2016 ஜனவரி முதலாந் திகதி, பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில், இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன, நரம்பும் பழுதுற்றது. 34ஆம் இடத்தில் டலஸ் அணி அவரை எடுத்தது. ஓராண்டு முழுவதும் களம் காணாதிருந்து, பின்னர் மீண்டு வந்து சிறப்பாகவே ஆடினார். முதல் இடங்களுக்கும் 34ஆம் இடத்துக்கும் இடையில் அவர் இழந்த பொருள் நம் ஊர்க் கணக்குக்குள் அடங்காது.

முழங்கால் மட்டுமா? ஜூனியர் சியாவ் என்பவர் 1990ஆம் ஆண்டுத் தெரிவில் ஐந்தாமவர். இருபது பருவம் ஆடிய பெரிய லைன்பேக்கர். 2012இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். தலையில் மீண்டும் மீண்டும் விழுந்த அடியால் உண்டாகும் மூளை நோய் அவருக்கு இருந்தது என்று அடுத்த ஆண்டு மருத்துவ ஆய்வாளர் கண்டறிந்தனர். தெரிவில் உயர்ந்த இடம் பெற்றவனுக்கு நேர்ந்தது இது. எருமை மறத்தைப் பாடிய புலவன் வீரனுடைய மார்புப் புண்ணைப் பாடினான். மண்டையோட்டுக்குள் இருக்கும் புண்ணை எந்தப் புலவன் கண்டான்?

நான் எழுதிய விடையை ஒளிப்பானேன்? பட்டத்தை முடித்துக்கொண்டு பெயர் கொடுக்கட்டும் என்று எழுதினேன். காரணமும் எழுதினேன். முழங்கால் இந்த ஆண்டிலும் போகலாம், அடுத்த ஆண்டிலும் போகலாம். தொழின்முறைக் களத்தின் முதல் நாளிலும் போகலாம். எந்த நாளில் போனாலும் கையிலிருக்கும் பட்டம் அதனோடு போகாது. மேலும், 2021ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக வீரர் தம் பெயராலும் உருவாலும் பொருளீட்ட இசைவு உண்டு. அதனால், வறுமை தாங்காது ஓடினேன் என்னும் பழைய நியாயமும் பெரிதும் மெலிந்துவிட்டது. ‘ஆடாதே’ என்று மட்டும் நான் எழுதவில்லை. பிள்ளை விரும்பி ஏற்ற களத்தை மூடிவிட்டுப் பாடப்புத்தகத்தைக் கையில் திணிக்கும் ஆசிரியரும் பெற்றோரும் நம்மிடையே நிறைய உளர். அவரால் புத்தகத்துக்கும் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை.

இது கடல் கடந்தவர் கவலை, நமக்கு என்ன என்று கருத வேண்டா. அந்த ஆட்டமே 2012இல் நம் கொழும்புக்கு வந்து போயிற்று. இந்திய உயர்நிலை உதைபந்தாட்டக் கூட்டமைப்பு என்ற பெயரில் அமெரிக்க முறை ஆட்டத்தைத் தெற்காசியாவில் பரப்ப முனைந்தவர்கள், சுகததாச விளையாட்டரங்கில் அதன் முதற் பருவ ஆட்டங்களை நடத்தினர். கொழும்பு லயன்ஸ் என்று நம் நாட்டின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. அம்முயற்சியிற் பங்கு கொண்ட பிரண்டன் சில்லர் என்பவர் இந்தியத் தந்தைக்குப் பிறந்தவர், தமிழர் அல்லர். அவரும் ஒரு லைன்பேக்கரே. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2004ஆம் ஆண்டுத் தெரிவில் நான்காஞ் சுற்றில் 130ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார்; ஏழு ஆண்டு ஆடினார். 2011 பெப்ரவரியில் அவருடைய கிறீன் பே அணி வாகை சூடியபொழுது, அவர் காயத்தால் களத்துக்கு வெளியே இருந்தார். கொழும்பில் விதைத்த விதை வேர் கொள்ளவில்லை.

கிரிக்கெட்டில் நம் பிள்ளைகள் இத்தெரிவை நேரிலேயே சந்திக்கிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், லங்கா பிரீமியர் லீக்கின் முதற் பருவமாகிய 2020இல், தம் பத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு முந்திய நாள் யாழ்ப்பாண அணிக்காகக் களம் இறங்கினார். 2024இல் வனிந்து ஹசரங்க காயமுற, அவருக்குப் பதிலாக ஐதராபாத் அணி வியாஸ்காந்தை ஐம்பது இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. 2023இல் நம் நாட்டிலேயே வீரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். கரையிலே மீனைக் குவித்து ஏலம் கூறுவதைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, ஆளின் பெயரைச் சொல்லி ஏலம் கூறுவது இனிக்கவில்லை. இனிக்காவிட்டாலும் அது நடக்கும். புத்தளம் மாவட்டத்துக் கரையிலிருந்தும் ஒரு பிள்ளை நாளை அந்த மேடையில் நிற்கலாம். அவன் பெற்றோர் வந்து கேட்கும்பொழுது, பாடசாலையில் உள்ள நாம் கணக்கறிந்து விடை சொல்லக் கூடியவராய் இருத்தல் வேண்டும்.

கூழை என்னும் சொல்லின் மற்றைப் பொருளைச் சொல்லாது விட்டேன். சாம் மில்ஸ் என்றொரு லைன்பேக்கர் இருந்தார். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த இடத்துக்கு உண்மையிலேயே கூழையர். மொன்ட்கிளேர் என்னும் சிறிய கல்லூரியில் ஆடிய அவரை 1981ஆம் ஆண்டுத் தெரிவில் எவரும் எடுக்கவில்லை. கிளீவ்லாந்து அணி சேர்த்துப் பார்த்து நீக்கியது. கனடாவின் ரொறன்ரோ அணியும் நீக்கியது. அவர் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஓர் உயர்தரப் பாடசாலையில் ஆசிரியரானார். புகைப்படக் கலையும் தச்சு வேலையும் கற்பித்தார். அவர் கையில் கல்லூரிப் படிப்பு இருந்தது. ஆதலின் களம் கைவிட்டபொழுது வகுப்பறை ஏற்றுக்கொண்டது. 1983இல் புதிதாகத் தொடங்கிய வேறொரு கூட்டமைப்பிலே பிலதெல்பியா அணி அவருக்கு இடம் தந்தது. அங்கே பயிற்றுநராய் இருந்த ஜிம் மோரா, 1986இல் நியூ ஓர்லியன்ஸ் அணிக்குப் போனபொழுது அவரையும் உடன் அழைத்துச் சென்றார். மூன்று ஆண்டு கண்ணாற் கண்டு தெளிந்தவர் மோரா. அவருக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு பருவம் ஆடிய மில்ஸ், பின்னர் கரோலினா அணியிலே பயிற்றுநர் ஆனார். 2003இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை பெற்றுக்கொண்டே களத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தார். 2005 ஏப்ரலில் காலமானார். சார்லட் நகரிலே அவ்வணியின் விளையாட்டரங்குக்கு வெளியே அவருடைய சிலை நிற்கிறது. புகழ் மண்டபத்தார் அவர் பெயரைப் பொறித்தது 2022இல்.